முடிச்சுப் போட்டுப் படித்த விசுவாசப் பிரமாணம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதடி என்றால், புத்தகத்துக்கு அது சரிப்படாது என்று என் பேச்சுக்குச் சட்டை மாட்டிவிட்டுத்தான் எழுதுகிறாள். இருக்கட்டும். மற்றவர்கள் பேசியதையாவது அவரவர் வாயில் வந்தபடி போடச் சொல்லியிருக்கிறேன்.

நான் சந்தோஷமாக இருக்கிறவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை என்பதுதான் என்னுடைய பெரிய எரிச்சல். போன வாரம்கூட அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மருமகளிடம், "சும்மா உக்காந்திருந்தாலும் மனசு நெறஞ்சு இருக்கு தாயி" என்றேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, "பிரசர் மாத்திரை போட்டீங்களா அத்தை?" என்று கேட்டாள். சர்ச்சில் பெண்கள் கூட்டத்திலும் இதே கதைதான். ஒவ்வொருவரிடமும் ஜெபக் குறிப்பு கேட்டு நோட்டில் எழுதுவார்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம், சந்தோஷமாக இருக்கிறேன், அதற்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்றேன். எழுதுகிற அம்மாள் தலையை ஆட்டினார். பிறகு சத்தமாக வாசிக்கும்போது என் பேருக்கு நேராக மூட்டுவலி என்று வந்தது. என் மூட்டு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் அதைச் சொல்லவில்லையே.

சந்தோஷம் வந்த வழியைச் சொல்ல வேண்டுமென்றால் திருவிருந்திலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் சர்ச்சில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து உண்டு. ஆண்டவருடைய சரீரம், ரத்தம் என்று அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார்கள். வரிசை வரிசையாக எழுந்து போய், முன்னால் இருக்கிற மரக் கிராதியில் முழங்கால் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஞானஸ்நானம் எடுத்திருந்தால் மட்டும் அதற்குப் போதாது. விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, கர்த்தருடைய ஜெபம் எல்லாம் மனப்பாடமாக ஒப்பித்து, பேராயர் தலையில் கை வைத்துத் திடப்படுத்தல் கொடுத்திருக்க வேண்டும். பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளைகள் எடுக்கிற காரியம். நான் எடுக்கவில்லை. அதனால் ஏறக்குறைய நாற்பது வருடமாக, எல்லோரும் எழுந்து போகும்போது நான் மட்டும் முழங்காலை ஒருபக்கமாக ஒதுக்கி வழிவிட்டு, பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உட்கார்ந்திருந்தேன் என்றால் சும்மா இல்லை. காவல். வரிசையில் போகிற பெண்கள் எல்லாம் கைப்பையை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். பை, குடை, கண்ணாடிக் கூடு, இப்போது செல்போன். முதலில் ஒருத்தி, "செத்த நேரம் பாத்துக்கங்க" என்று கேட்டுவிட்டு வைத்தாள். பிறகு கேட்பதும் நின்றுபோனது. புதிதாக வருகிறவர்கள்கூட, அந்த அம்மா எழுந்திரிக்காது, அங்கே வை என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு வைத்தார்கள். பைகளுக்கு நடுவில் நானும் ஒரு பையாக இருப்பேன்.

ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். என் பிறந்த வீடு சின்னாளபட்டி. எங்கள் வீட்டில் யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற வேலை எங்களுக்கு. வெள்ளைத் துணியில் குறித்திருக்கும் புள்ளியை விரல் நுனியால் துளியூண்டு கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டும். சாயத்தில் முக்கி எடுத்து முடிச்சை அவிழ்த்தால் அந்த இடம் மட்டும் வெள்ளைப் பொட்டாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து என் விரல் அதைத்தான் செய்கிறது. சேலை கொடுக்கிற முதலாளி வீட்டில் ஒருநாள் கதவுப் பூட்டு இறுகிக்கொண்டது. அதைச் சரிபண்ணத் திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் வந்தார். பூட்டைக் கழற்றி மாட்ட அரைமணி நேரம் போதும். அவர் மூன்று நாள் வந்தார். அவர்தான் என் வீட்டுக்காரர். அவர் பிறவிக் கிறிஸ்தவர். என் வீட்டில் சம்மதம் இல்லை. சனிக்கிழமை ஞானஸ்நானம், திங்கட்கிழமை கல்யாணம் என்று அவசர அவசரமாக நடந்தது. திடப்படுத்தல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அந்தப் பிறகு வரவே இல்லை. முதல் தடவை வகுப்பில் சேர்ந்தபோது பெரியவன் வயிற்றில் இருந்தான். வாந்தியில் பாதி வகுப்புப் போய்விட்டது. இரண்டாவது தடவை எல்லாம் சரியாக வந்தது, சபை ஆயருக்கு மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர் பழைய வகுப்பைக் கணக்கில் எடுக்க மாட்டேன் என்றார். மூன்றாவது தடவை கையில் புத்தகத்தைக் கொடுத்து ஆளுக்கொரு வரி வாசிக்கச் சொன்னார்கள். என் முறை வருவதற்கு இரண்டு பேர் இருக்கும்போது வயிற்றை வலிக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை. எழுத்துத் தெரியாத வெட்கத்தில் வந்துவிட்டேன் என்றுதான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் இருந்தவரை, கிராதியிலிருந்து திரும்பி வந்து என் பக்கத்தில் உட்காரும்போது ஒன்றும் பேசமாட்டார். மற்றவர்கள் வந்தவுடன் பையை எடுப்பார்கள், விசிறியை எடுப்பார்கள். அவர் ஐந்து நிமிடம் அப்படியே இருப்பார். அப்படி என்ன இருக்கிறது அதில் என்று எனக்கு ஒவ்வொரு மாதமும் தோன்றும். கேட்டதில்லை. அவர் போன பிறகு கேட்க ஆள் இல்லை. போன வருடக் கடைசியில், அடுத்த ஆண்டு பேராயர் வருகிறார், திடப்படுத்தல் எடுக்கிறவர்கள் பேர் கொடுங்கள் என்று ஆயர் அறிவித்தார். ஆராதனை முடிந்ததும் முதல் ஆளாகப் போய் என் பேரைக் கொடுத்தேன். நானும் ஒருமுறை அந்தக் கிராதியில் முழங்கால் போட வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

வகுப்பில் பதினோரு பிள்ளைகளும் நானும். பிள்ளைகளுக்கு விசுவாசப் பிரமாணம் தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி வருகிறது. எனக்கும் தெரியும்தானே, நாற்பது வருடம் எல்லோரோடும் சேர்ந்து சொல்லியிருக்கிறேனே என்று நினைத்துப் போனேன். அங்கேதான் தெரிந்தது, கூட்டத்தோடு சொல்வது வேறு, தனியாகச் சொல்வது வேறு. கூட்டத்தில் அடுத்த சொல்லை யாராவது ஒருவர் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். தனியாக நின்றால் மூன்றாவது வரியில் எனக்கு வாய் அடைத்துவிட்டது.

வீட்டில் மருமகள் புத்தகத்தை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். அவள் நல்லவள், ஆனால் பொறுமை கிடையாது. சொல்லிக்கொடுக்கும்போதே குழம்புக்குத் தாளிப்பாள், பேரனுக்கு வீட்டுப்பாடம் பார்ப்பாள், போனில் பேசுவாள். நான் ஒரு சொல்லை விட்டால் மறுபடி முதலிலிருந்து என்பாள். ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, இதைக் கிளிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் இந்நேரம் திடப்படுத்தல் எடுத்திருக்கும் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. முடிச்சுப் போடுகிற சேலையை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டேன். இப்போதும் சின்னாளபட்டியிலிருந்து ஒருவர் வண்டியில் சேலை கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறார், நான் கட்டிக் கொடுக்கிறேன்.

கோபத்தில் கட்டினேன். கட்டக் கட்ட வாய் தன்னால் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு முடிச்சு. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மூன்றாவது வரி தாண்டி, நான்காவது தாண்டி, சிலுவை வரைக்கும் போயிருந்தேன். விரல் ஒரு புள்ளியை விட்டு அடுத்த புள்ளிக்குப் போனால், வாயும் அடுத்த சொல்லுக்குப் போனது. விரலுக்கு ஒரு புள்ளியைத் தாண்டிக் குதிக்கத் தெரியாது, அதனால் வாய்க்கும் ஒரு சொல்லைத் தாண்டத் தெரியவில்லை. அன்றிலிருந்து அதுதான் என் புத்தகம். விசுவாசப் பிரமாணத்துக்கு இத்தனை வரிசை, ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு வரிசை என்று பிரித்துக்கொண்டேன்.

எங்கள் பின்வாசலுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர். அந்த வீட்டுப் பாய் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி தினமும் அந்தச் சுவர் ஓரமாக உட்கார்ந்து கடைக்குச் சின்ன வெங்காயம் உரிப்பாள். அவள் என்னை அக்கா என்பாள், நான் தங்கச்சி என்பேன். நான் கட்டிக்கொண்டே சொல்வேன், அவள் உரித்துக்கொண்டே கேட்பாள். ஒரு மாதம் போயிருக்கும். பத்துக் கட்டளையில் எட்டாவதில் தடுக்கி நின்றபோது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "களவு வருதுக்கா, களவு" என்று குரல் வந்தது. எட்டிப் பார்த்தேன். வெங்காயக் கண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. அதுவும் எனக்கு எரிச்சல்தான். எழுதப் படிக்கத் தெரிந்த மருமகள் சொல்லிக்கொடுத்து வராதது, வெங்காயம் உரிக்கிறவளுக்குச் சும்மா கேட்டே வந்துவிட்டது.

இதுவரை எல்லாம் வேடிக்கைதான். ஒரே ஒரு இடம் வேடிக்கையாக இல்லை. ஐந்தாவது கட்டளை. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணச் சொல்வது. அந்த வரிசை வந்தால் என் விரல் நின்றுவிடும். நூல் அறுந்துபோகும், புள்ளி தெரியாது, தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று எழுந்து போவேன். ஏதாவது சாக்கு. ஒரு வாரம் அப்படியே போனது. பக்கத்துவீட்டுத் தங்கச்சி, "அந்த எடத்துல மட்டும் ஏங்க்கா எந்திரிச்சுப் போறீங்க?" என்று கேட்டாள். அவள் கேட்ட பிறகுதான் நானே ஒத்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவை வகுப்பிலிருந்து ஓடி வந்தேனே, அன்றைக்கு எனக்கு வரவேண்டிய வரியும் இதுதான். என் பக்கத்திலிருந்தவள் காதோடு சொல்லிக்கொடுக்கத் தயாராகத்தான் இருந்தாள், எழுத்து ஒரு தடையே இல்லை. நான் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தபோது என் அம்மா, இனி இந்த வாசலை மிதிக்காதே என்றார். நான் மிதிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறார் என்று ஆள் வந்தது. வாசலை மிதிக்காதே என்றவள் வாசலுக்கு வந்து கூப்பிடட்டும் என்று திருப்பிச் சொல்லி அனுப்பினேன். படுத்துக் கிடக்கிறவள் எப்படி வாசலுக்கு வருவாள்? அதை யோசிக்கிற வயசும் இல்லை, திமிரும் விடவில்லை. திண்டுக்கல்லிலிருந்து சின்னாளபட்டிக்கு டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். நான் அந்த அரைமணி நேரம் போகவில்லை. அடுத்த தடவை ஆள் வந்தபோது அம்மா இல்லை.

இதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் இப்படிச் சொன்னதில்லை. கூப்பிட்டார்கள், போக முடியவில்லை என்றுதான் சொல்லிவைத்திருந்தேன்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள், கரண்ட் இல்லை. ஐந்தாவது கட்டளை வரிசையைப் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டி முடித்தேன். முடித்துவிட்டு, மனசு சரியில்லாததால் விசுவாசப் பிரமாணத்தை மறுபடி எடுத்தேன். கடைசியில் பாவமன்னிப்பு என்று ஒரு சொல் வருகிறது. சர்ச்சில் அந்த இடம் வரும்போது எல்லோரும் முடிக்கப் போகிற அவசரத்தில் இருப்போம். நாற்பது வருடமாக அந்தச் சொல்லை நான் ஓடிக்கொண்டேதான் தாண்டியிருக்கிறேன். அன்றைக்கு விரல் அந்தப் புள்ளியைக் கிள்ளிப் பிடித்திருந்தது. நூலைச் சுற்றினேன். இறுக்கவில்லை. அவிழ்த்தேன். மறுபடி சுற்றினேன். நம்புகிறேன், நம்புகிறேன் என்று இத்தனை வருடம் சத்தம்போட்டுச் சொன்னவள், இதை நம்பினேனா என்று எனக்கே கேட்கத் தோன்றியது. ஊருக்கெல்லாம் மன்னிப்பு உண்டு என்று நம்பினேன். என் அம்மா வாசலுக்குப் போகாத எனக்கு மட்டும் அது இல்லை என்று வைத்திருந்தேன்.

அன்றைக்கு அழுதேன். சத்தமாகவே அழுதேன். சுவருக்கு அந்தப் பக்கம் வெங்காயம் உரிக்கிற சத்தம் நின்றது. அம்மா, நான் வந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். ஆண்டவரே, நான் செய்தது தப்பு என்று சொன்னேன். அவ்வளவுதான், பெரிய ஜெபமெல்லாம் எனக்கு வராது. சொல்லிவிட்டு அந்த முடிச்சை இறுக்கிக் கட்டினேன். கட்டி முடித்தபோது, இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப தூரம் தூக்கிக்கொண்டு நடந்த குடத்தை இறக்கிவைத்தால் கை தன்னால் மேலே எழும்பும், பார்த்திருக்கிறீர்களா? அப்படி இருந்தது.

ரெண்டு நாளில் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபோதும் இருந்தது. சேலை வாங்க வந்தவர், ஒரே புள்ளியை இத்தனை தடவை கிள்ளித் துணியை நைய வைத்திருக்கிறீர்களே என்று திட்டியபோதும் இருந்தது. அவர் திட்டத் திட்ட நான் சிரித்துக்கொண்டு நின்றதில் அவருக்கு இன்னும் கோபம். இதற்கு முன்னால் எனக்குச் சந்தோஷம் வந்ததே இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளை பிறந்தபோது வந்தது, வீட்டுக்குத் தளம் போட்டபோது வந்தது. அவை வந்த விருந்தாளி மாதிரி, சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டன. இது போகிற வழியாகத் தெரியவில்லை.

சரி, பரீட்சைக்கு வருகிறேன். சர்ச் கமிட்டிச் செயலர் ஓய்வுபெற்ற வாத்தியார். ஒப்புவிக்கக் கேட்பது அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பக்கத்து அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நான் போய் நின்றேன். சொல்லுங்கம்மா என்றார். கையைக் கட்டிக்கொண்டேன். ஒரு சொல் வரவில்லை. கையை அவிழ்த்துத் தொங்கவிட்டேன், வரவில்லை. சும்மா இருக்கிற கையோடு நான் ஒருநாளும் சொல்லிப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் விவரமாகப் போனேன். கட்டுகிற சேலையை வயர்கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து, துணியை மடியில் பரப்பி, நூலை எடுத்துக் கட்டிக்கொண்டே தொடங்கினேன். கடகடவென்று வந்தது. விசுவாசப் பிரமாணம் முடிந்தது. கட்டளைக்கு வந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது கட்டளை ஓய்வுநாளைப் பரிசுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்வது, அன்றைக்கு ஒரு வேலையும் செய்யக்கூடாது என்பது. அதையும் நான் குரலை உயர்த்தி நன்றாகச் சொல்லிக்கொண்டே முடிச்சைக் கட்டினேன். செயலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏம்மா, இப்ப என்ன சொன்னீங்க?"

மறுபடி சொன்னேன்.

"இன்னைக்கு என்ன கெழம?"

"ஞாயித்துக்கெழம ஐயா."

"கையில என்ன செய்றீங்க?"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். வேலை செய்யாதே என்கிற கட்டளையை ஆண்டவருடைய வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்துகொண்டே ஒப்பித்திருக்கிறேன். ஜன்னலில் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. இது கூலிக்குக் கட்டுகிறது இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், அது பொய், கூலிச் சேலைதான். பொய் சொல்லாதே என்கிற ஒன்பதாவது கட்டளையும் சேர்ந்து போனது. சேலையைச் சுருட்டி வைத்துவிட்டு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, இதில் கட்டுகிறேன் ஐயா, இது என் சொந்தச் சேலை என்றேன். முடிச்சு முடிச்சுதான் என்றார். அவர் கெட்டவர் இல்லை. வாத்தியார். விதி என்றால் விதி.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். ஆண்டவர் பேரில் இல்லை, செயலர் பேரிலும் அவ்வளவு இல்லை, என் விரல் பேரில். உலகத்தில் எல்லோருக்கும் மண்டையில் இருக்கிற ஞாபகம் எனக்கு மட்டும் எதற்கு நகக்கண்ணில் இருக்கிறது? பக்கத்துவீட்டுத் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து வெங்காயத் தட்டையே கவிழ்த்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வேலை நாள்ல போய்ச் சொல்லுங்கக்கா. எந்தக் கட்டளை தடுக்குது?" என்றாள்.

இந்த யோசனை எங்கள் சபையில் படித்த ஒருவருக்கும் வரவில்லை. ஆயரிடம் போய்க் கேட்டேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வாருங்கள் என்றார். போனேன். செயலரும் வந்திருந்தார், கையில் புத்தகம். ஆயரம்மா காபி கொடுத்தார். நான் சேலையைப் பரப்பிக் கட்டிக்கொண்டே முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் சொன்னேன். ஐந்தாவது கட்டளையில் நிற்கவில்லை. செயலர் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டே வந்தார், ஒரு இடத்திலும் அவர் விரல் நிற்கவில்லை. எல்லாம் முடிந்ததும், அவர் வாத்தியார் ஆயிற்றே, ஏழாவது கட்டளை மட்டும் சொல்லுங்கள் என்றார். எனக்கு நடுவிலிருந்து வராது. முதல் வரிசையிலிருந்து விரலை ஓட்டித்தான் ஏழுக்கு வந்தேன். அவர் காத்திருந்தார். புத்தகத்தை மூடினார்.

"முப்பது வருசம் பிள்ளைகளுக்கு ஒப்பிக்கச் சொல்லிக் குடுத்திருக்கேன்மா. ஒவ்வொரு சொல்லா நின்னு போனவுங்கள நான் பாத்ததில்ல" என்றார்.

தேர்ச்சி. வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன். சரி என்றாள். மறுநாள் வேலையிலிருந்து வரும்போது ஒரு வெள்ளைச் சேலை வாங்கி வந்திருந்தாள். திடப்படுத்தலுக்கு வெள்ளை உடுத்த வேண்டும். கிளி என்று சொன்னதற்கு அதுதான் அவள் மன்னிப்புக் கேட்கிற விதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பேராயர் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குச் சபையே தடபுடலாக இருந்தது. வெள்ளையடித்தார்கள். வரவேற்புக்கு என்று பெண்கள் கூட்டத்தில் சிறுமலை மலைவாழைப்பழம் ரெண்டு தார் சொல்லி வாங்கி ஆயர் வீட்டில் தொங்கவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே குளித்துவிட்டு, வெள்ளைச் சேலையை உடுத்தி, கண்ணாடி முன் நின்றேன். மருமகள் வந்து கொசுவத்தைச் சரிபண்ணிவிட்டாள். சரிபண்ணியது சரியாகத்தான் இருந்தது, அவள் மறுபடி மறுபடி சரிபண்ணிக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்தபடியே சொன்னாள்.

"அத்தை, பேராயர் இன்னைக்கு வரல. உடம்புக்கு முடியலயாம். வெள்ளிக்கெழமயே சபை குரூப்புல போட்டுட்டாங்க."

வெள்ளி போய், சனி போய், ஞாயிறு வந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எப்படிச் சொல்ல என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அதைக்கூடக் கவனிக்காமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வாந்தி, மாற்றல், வயிற்றுவலி, இப்போது பேராயருக்குக் காய்ச்சல். எனக்கு என்று எழுதி வைத்தது மாதிரி. சர்ச்சுக்கு வரவில்லை என்றேன். மருமகள் ஆட்டோவுக்குப் போன் பண்ணினாள்.

வெள்ளைச் சேலையோடுதான் போனேன், மாற்றத் தெம்பில்லை. அன்றைக்கு முதல் ஞாயிறு, ஆயர் திருவிருந்து கொடுத்தார். எங்கள் வரிசை எழுந்தது. நான் முழங்காலை ஒதுக்கினேன். பைகள் ஒவ்வொன்றாக என் பக்கத்தில் வந்து இறங்கின. ஒருத்தி குடையை என் மடியிலேயே வைத்துவிட்டுப் போனாள். ஆத்திரத்தில் அதை எடுத்துப் பெஞ்சில் வைத்தேன். கிராதியில் வரிசையாக முதுகுகள். நான் அங்கே இருந்திருக்க வேண்டியவள்.

சரி, இனி அந்தச் சந்தோஷம் போயிருக்கும் என்று நினைத்தேன். போகட்டும் என்றுகூட நினைத்தேன். தேடிப் பார்த்தேன். இருந்தது. கோபமும் இருந்தது, அதுவும் இருந்தது. கோபம் மேலே கொதித்துக்கொண்டிருந்தது, அது கீழே தணலாக அசையாமல் இருந்தது. நான் கிராதிக்குப் போனதால் வந்தது இல்லையே, போகாததால் போவதற்கு. பேராயர் கை என் தலையில் படுவதற்கு முன்பே என்னை ஒருவர் மன்னித்துவிட்டார் என்று அந்தப் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நினைத்தேன். என் வீட்டுக்காரர் திரும்பி வந்து ஐந்து நிமிடம் பேசாமல் இருப்பாரே, அன்றைக்கு நானும் அப்படி இருந்தேன். ஒருத்தி வந்து, அம்மா பையைக் கொடுங்கள் என்று ரெண்டு தடவை கேட்டாளாம். எனக்குக் காதில் விழவில்லை.

ஆராதனை முடிந்ததும் பேராயருக்கு வாங்கிய மலைப்பழத்தை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள், இன்னும் ரெண்டு நாள் போனால் அழுகிவிடும் என்று. எனக்கு நாலு பழம். செயலர் என்னைத் தேடி வந்து, புதுத் தேதி எப்போது வருமோ தெரியாது, வரும்போது எல்லோரும் இன்னொரு தடவை ஒப்புவிக்க வேண்டியிருக்கும், அதுதான் விதி என்றார். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது. எனக்கு அங்கேயே அவரிடம் சண்டை போட வேண்டும் போல இருந்தது. போடவில்லை. செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வையுங்கள் ஐயா என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ரெண்டு பழத்தைச் சுவருக்கு மேலே நீட்டினேன். தங்கச்சி என் வெள்ளைச் சேலையைப் பார்த்துவிட்டு, எல்லாம் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டாள். பேராயர் வரவில்லை, மறுபடி முதலிலிருந்து என்றேன்.

"அப்பறம் எதுக்குக்கா சிரிக்கிறீங்க?"

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. இவ்வளவு நேரம் சொல்லியும் உங்களுக்கு விளங்கியதா என்று தெரியவில்லை, பேத்திவேறு கை வலிக்கிறது என்கிறாள். கோபமாகத்தான் இருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் பழத்தை உரித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சரி, ஒரு தடவை சொல்லுங்கள் கேட்போம், மறந்துபோயிருக்கப் போகிறது என்றாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாளைக்கு என்றேன்.